அறியாமல் என்ற ஒரு சொல்

என் தங்கை மகளின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உயிரோடு இருப்பவர்களின் பெயரை அவர்களுடைய ஒப்புதலின்றி அச்சில் ஏற்றுவது முறையன்று. கேட்டால் தருவாள், அதை அறிவேன். முன்பென்றால் எதற்காக எழுதுகிறீர்கள், எதையெல்லாம் எழுதுகிறீர்கள் என்று இரண்டு கேள்வியாவது கேட்டிருப்பாள். இப்போது ஒன்றும் கேட்கமாட்டாள் என்பதனாலேயே நானும் கேட்கவில்லை.

எங்கள் வீடுகள் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருப்பவை. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் மலையாளம், வீட்டுக்குத் தமிழ். எங்கள் சபையிலும் ஒரு ஞாயிறு மலையாள ஆராதனை, மறு ஞாயிறு தமிழ். நான் கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன்; ஊர்வாயில் 'சாறு', அதாவது சார். ஓய்வுக்குப் பின் சபைக் கமிட்டியின் செயலராக இருந்தேன். என் கையொப்பம் உள்ள தாளை இந்தப் பக்கத்தில் எவரும் இரண்டாம் முறை சரிபார்ப்பதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னர் நடந்தது விளங்க வேண்டுமானால் இது தெரிந்திருக்க வேண்டும்.

அவள் சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவள். என் தங்கை காரக்கோணத்தில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டுத் தைத்துக்கொடுத்து அவளை வளர்த்தாள். குழந்தையிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. கீழுதட்டை உள்ளே மடித்துக்கொண்டு சற்று நிற்பாள். பிறகு ஒரு சொல் வரும். வந்த சொல்லை எவராலும் மாற்ற முடியாது.

பத்து வயதில் என் வீட்டுப் புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவு அவள் கையில் உடைந்தது. உறவினர் பலர் கூடியிருந்த நாள். மன்னிப்புக் கேள் என்றேன். உதட்டை மடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒடஞ்சதுல எனக்கு வெசனம் உண்டு மாமா. ஆனா நான் ஒடைக்கல்ல. தொறக்கும்போதே விரிசல் உண்டு."

விரிசல் இருந்தது மெய்தான். முந்தைய வாரம் அலமாரியை நகர்த்தியபோது சுவரில் இடித்தவன் நான். அவ்வளவு பேர் முன்னிலையில் அதைச் சொல்லவேண்டிய அவசியத்தை நான் உணரவில்லை. பெரியவர்களிடம் எதிர்ப்பேச்சு ஆகாது என்று மட்டும் கூறி அனுப்பிவிட்டேன்.

அரபி படிக்கும் எண்ணம் அவளுக்கு வந்த விதமும் இதே குணத்தால்தான். பட்டம் பெற்றபின் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் சில மாதம் வேலை பார்த்தாள். வளைகுடா நாடுகளிலிருந்து நோயாளிகள் வரும் இடம். ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்:

"இண்ணைக்கு ஒரு வயசான அம்ம வந்தாவ மாமா. டாக்டருக்க முன்னால மூணு நிமிஷம் பேசினாவ. கண்ணுல தண்ணி. கூட இருந்த மொழிபெயர்ப்புக்காரரு டாக்டர்கிட்ட ஒத்த வாக்கு சொன்னாரு, 'வலிக்குதாம்'ணு. மிச்சம் எங்க போச்சு?"

"மருத்துவருக்கு வேண்டியது அதுதானே?" என்றேன்.

"அவுங்க சொன்னது அது மட்டும் இல்லல்லா."

மிச்சம் எங்கே போனது என்பதைக் கண்டுபிடிக்கவே ஜோர்டானுக்குப் போனாள் என்று சொன்னால் மிகையாகாது. அவள் படிக்கப் போன நகரத்தின் பெயர் அம்மான். தமிழில் அந்தச் சொல்லுக்குத் தாய்மாமன் என்று பொருள். புறப்படும் அன்று, "ஒரு அம்மான விட்டுப்போட்டு இன்னொரு அம்மானுக்கப் பக்கம் போறேன். அவராவது எனக்க பேச்ச முழுசாக் கேப்பாரா எண்ணு பாப்போம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அங்கே அவளுக்குத் தங்க இடம் கொடுத்தது ஒரு கிறிஸ்தவ மாணவியர் விடுதி. அதை நடத்தியவர் அரபுக் கிறிஸ்தவரான ஒரு கைம்பெண். விடுதிக்கு ஒரே நிபந்தனைதான்: இவள் எங்கள் சபையைச் சேர்ந்தவள், நன்னடத்தை உள்ளவள் என்று சொந்த ஊர்ச் சபையின் செயலர் ஆண்டுதோறும் கடிதம் தரவேண்டும். முதலாண்டுக் கடிதத்தில் கையொப்பமிட்டவன் நான்.

ஞாயிறு மாலைகளில் தொலைபேசியில் பேசுவாள். எங்கள் ஊரில் விருந்தாளி இருமுறை வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் முறை தட்டை நீட்டுவது வழக்கம். அவள் இங்கேயே அதற்குப் பழகாதவள். பசித்தால் முதல்முறையே நீட்டுவாள், பசிக்காவிட்டால் மூன்றாம் முறையும் மறுப்பாள். அங்கேயும் அதே வழக்கம்தானாம், இன்னும் கடுமையாக. வேண்டாம் என்று அவள் சொன்னதை எவரும் நம்பவில்லை. நம்பச் செய்தபோது கோபித்துக்கொண்டார்கள். ஒருமுறை விடுதித் தலைவியின் தங்கை அணிந்திருந்த கழுத்துத் துணி அழகாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் உடனே அதைக் கழற்றி நீட்டிவிட்டார். புகழ்ந்த பொருளைக் கொடுத்துவிடுவது அங்கே மரியாதை. வாங்காமல் நயமாக மறுப்பது விருந்தாளியின் மரியாதை. இவளோ, "அழகு எண்ணுதான் சொன்னேன், வேணும் எண்ணு சொல்லல்ல" என்று விளக்கம் கொடுத்திருக்கிறாள். இரண்டு நாள் விடுதியில் ஒருவரும் அவளோடு சரியாகப் பேசவில்லையாம்.

அதனினும் பெரியது நாய்க்கதை. அரபியில் இதயத்துக்குக் கல்ப் என்பார்கள். நாய்க்கும் கல்ப் என்பார்கள். நம் எழுத்தில் இரண்டும் ஒன்று. அவர்கள் காதுக்கு இரண்டும் வெவ்வேறு ககரம். இதயத்தின் ககரம் தொண்டையின் அடியிலிருந்து எழவேண்டும். விடுதித் தலைவியின் இறந்துபோன கணவர் ஏழை மாணவர்களுக்குச் செய்த உதவிகளைக் கேட்டு மனமுருகி, அவருடைய படத்தின் முன் நின்று, 'அவருக்கு எவ்வளவு நல்ல இதயம்' என்று சொல்ல முயன்றிருக்கிறாள். நாய் என்று வந்துவிட்டது. அந்த அம்மாள் கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

வேறொருத்தி என்றால் அயல்நாட்டுக்காரி, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அழுதிருப்பாள். இவள் அந்த ஒரு ககரத்தை மூன்று வாரம் பழகினாள். குளியலறையில், பேருந்து நிறுத்தத்தில், தொண்டை புண்ணாகும்வரை. பிறகு அந்த அம்மாளைக் கூப்பிட்டு, அதே படத்தின் முன் நின்று, சரியான சொல்லைச் சொன்னாள். "அண்ணைக்கு சொன்னதும் நான்தான், இண்ணைக்கு சொல்லுததும் நான்தான்" என்றாளாம். அந்த அம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுததாகக் கேள்வி.

முதலாண்டு முடிந்து விடுமுறைக்கு வந்தபோது இந்தக் கதை அவளுக்கு முன்னே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. "மக்கா, எனக்கு இருக்கது நல்ல கல்ப்பா, கெட்ட கல்ப்பா?" என்று சபை முற்றத்தில் கிழவிகள் கேட்பார்கள். உதட்டை மடித்து யோசித்து, "பெரியம்மைக்கு ரெண்டும் உண்டு" என்பாள். சிரிப்பு அடங்க நேரமாகும்.

அந்தக் கிழவிகள்தான் பெண்கள் சங்கக் கூட்டத்தில் பேசி, தமிழ் ஆராதனையில் அவளை அரபியில் வேதம் வாசிக்கச் சொன்னார்கள். எனக்கும் அதில் பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. உலகத்தின்மேல் தேவன் கொண்ட அன்பைச் சொல்லும் பகுதியை வாசித்தாள். நல்ல உச்சரிப்பு. நாலாவதோ ஐந்தாவதோ சொல், 'அல்லாஹ்'.

சபையில் ஒரு அசைவு தெரிந்தது. கமிட்டி உறுப்பினரான ஒப்பந்தக்காரர் ஒருவர் முன்வரிசையிலிருந்து எழுந்து வெளியே போனார். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் என்னை மறித்தார். நான்குபேர் கூடிவிட்டார்கள்.

"சாறே, இது என்ன கூத்து? நம்ம கோயிலுக்குள்ள அல்லாண்ணு வாசிக்க ஆரு சொன்னது?"

நான் வாய் திறக்குமுன் அவள் வந்துவிட்டாள். "அந்த பாஷையில தேவனுக்கு அதாக்கும் சொல்லு, அங்கிள். அங்கத்த கிறிஸ்தவங்களுக்க ஜெபத்திலயும் பாட்டிலயும் அதுதான் உண்டு."

"அங்க உண்டெங்கி அங்க இருக்கட்டும். இஞ்ச வாசிக்கும்போ வேற சொல்லு போடப்பிடாதா?"

"போடலாம். அப்ப அது அவுங்க வாசிக்குத வேதம் இல்ல."

"நாயிண்ணு வாசிக்காம விட்டாளே, அதுக்கு தோத்திரம் சொல்லும் ஓய்!" என்றாள் பின்னாலிருந்து ஒரு கிழவி. ஒருவரும் சிரிக்கவில்லை.

புதன்கிழமைக்குள் அவள் மதம் மாறிவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. நெய்யாற்றின்கரைப் பேருந்தில் என்னிடம் முன்பு படித்த ஒருவன் எழுந்து இடம் கொடுத்துவிட்டுக் குனிந்து கேட்டான்: "சாறே, மருமகள அங்கேயே ஆருக்கோ கெட்டிக்கொடுத்தாச்சு எண்ணு கேட்டேன், உள்ளதா?" நான் அவன் கொடுத்த இடத்தில் உட்காரவில்லை. என் வாழ்நாளில் என் குடும்பத்தைப் பற்றி ஒரு வெளியாள் பேருந்தில் கேள்வி கேட்டது அதுவே முதல்முறை.

கமிட்டி கூடியது. இரண்டாமாண்டுக் கடிதம் தருவதானால் அடுத்த தமிழ் ஆராதனையில் அவள் சபையார் முன் வருத்தம் தெரிவிக்கவேண்டும் என்று முடிவாயிற்று. அதற்கு மூன்றாம் நாள் புதன்கிழமை அவளுக்கு விமானம். கடிதம் இல்லாவிட்டால் விடுதி இல்லை, விடுதி இல்லாவிட்டால் படிப்பு இல்லை. ஒப்பந்தக்காரர் என்னைப் பார்த்து, "சாறுக்கு நல்ல தமிழு தெரியும். சாறே எழுதிக்கொடுக்கட்டும்" என்றார். கமிட்டி என்மேல் வைத்த நம்பிக்கையாக அதை ஏற்றேன்.

ஆறு வரி எழுதினேன். எவருக்கும் தலைகுனிவு இல்லாதபடி, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டு எழுதியது. நடுவில் இருந்த வரி இது: 'சபையாரின் மனம் நோகும்படியான ஒரு சொல்லை அறியாமல் வாசித்துவிட்டேன்.'

சனிக்கிழமை காலை அவளை வீட்டுக்கு வரவழைத்துத் தாளைக் கொடுத்தேன். வாசித்தாள்.

"நல்ல தமிழு மாமா. ஒரு சொல்லு மட்டும் பொய்."

"எது?"

"அறியாமல்."

"மக்கா, அஞ்செழுத்து. அதச் சொல்லிப்போட்டு நீ பாட்டுக்குப் போயிரலாம்."

"அவுங்க மனசு நொந்தது சத்தியம். அதுல எனக்கு வெசனம் உண்டு, அத ஆயிரம் பேருக்க முன்னாலயும் சொல்லுவேன். ஆனா நான் அறிஞ்சாக்கும் வாசிச்சேன். அறியாமல் எண்ணு சொன்னா, அந்த சொல்லு தப்பான சொல்லு எண்ணு ஆவும். அங்க எனக்கு சோறு போடுத அம்ம தினமும் காலையில அந்தப் பேரச் சொல்லியாக்கும் கும்பிடுதது."

என் மனைவி கிளாசில் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மருமகள் கிளாசைக் கையில் எடுத்தாள். குடிக்காமல் என் பக்கமாக மேசையில் வைத்தாள்.

"ஆறிப்போவும் மோளே, குடி" என்றாள் மனைவி.

"அங்க ஒரு மொற உண்டு மாமி. ஒரு காரியம் கேட்டு வந்தவங்க குடிக்கக் கொடுத்தத குடிக்காம கீழ வைப்பாங்க. வீட்டுக்காரரு என்ன வேணும் எண்ணு கேக்கணும். செய்யலாம் எண்ணு அவரு சொன்னப்பெறவுதான் குடிப்பாங்க." என்னை நேராகப் பார்த்தாள். "அந்த ஒரு சொல்ல எடுத்துப்போடுங்க மாமா. மிச்சம் அஞ்சு வரியும் அப்படியே வாசிக்கேன்."

அந்தச் சொல் இல்லாவிட்டால் கமிட்டி ஏற்காது. ஏற்காவிட்டால், முதலாண்டுக் கடிதம் எழுதியவன் யார், வேதம் வாசிக்க அனுமதித்தவன் யார் என்று பேச்சு என்மேல் திரும்பும். இவ்வளவும் நான் எண்ணிப் பார்த்தேன். "இது பாறசாலையாக்கும். அம்மான் இல்ல" என்றேன்.

தேநீரின்மேல் ஆடை படிந்தது. அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, "வாறேன் மாமி" என்று எழுந்து போனாள். என் மனைவி கிளாசை எடுத்துப்போய் வாஷ்பேசினில் கொட்டினாள். "ஒரு பிள்ளைய ஒரு வாய் சாயா குடிக்க வைக்க ஒக்கல்ல உங்களுக்கு. இதுல சபைய நடத்துதாராம்" என்றாள்.

மறுநாள் ஆசீர்வாத ஜெபத்துக்கு முன் போதகர் அவளை அழைத்தார். முன்னே வந்து நின்றாள். மின்விசிறிகளின் சத்தம் மட்டும் இருந்தது. பெண்கள் பக்கத்தில் என் தங்கை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு வரியைப் பிசகில்லாமல் வாசித்தாள். மூன்றாவது வரியில், அந்த இடத்தில், நின்றாள். பிறகு தெளிவாக வாசித்தாள்:

"...ஒரு சொல்லை அறிந்து வாசித்தேன்."

ஒப்பந்தக்காரர் எழுந்துவிட்டார். "என்னது? அறிஞ்சா? சாறே, கேட்டீங்களா? இதுதான் நீங்க எழுதிக்கொடுத்ததா?"

சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்தேன். எழும்போது என்ன சொல்லப்போகிறேன் என்பது எனக்கே தெரியாது. ஆனால் பேச்சு தயங்காமல் வந்தது. நெடுங்காலம் வகுப்பறையில் நின்ற பழக்கம்.

"தாளில் இருப்பது 'அறியாமல்' என்பதே. எழுதியவன் நான். பிள்ளைக்கு நாக்குப் பிசகிவிட்டது. ஓராண்டு வேற்றுமொழி பேசிய நாக்கு. இந்த நாக்கு இதயத்தை நாயாக்கிய கதையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள்."

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு பெண்கள் பக்கம் முழுவதும். பிறகு ஆண்கள். இறுக்கம் விட்ட சிரிப்பு, போதகரும் புன்னகைத்தார். ஒப்பந்தக்காரர் ஒரு நொடி நின்று, "அப்ப செரி" என்று உட்கார்ந்தார். தேவனுடைய ஆலயத்தில் நின்று நான் சொன்ன பொய் அது ஒன்றே.

அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். உதட்டை மடித்தாள். அவள் பார்வை என் தங்கையின் பக்கம் போயிற்று. தங்கை கைகூப்பினாள், மகளைப் பார்த்து. அவள் தாளை நாலாக மடித்துக்கொண்டு, மீதி மூன்று வரியை வாசிக்காமல், தன் இடத்தில் போய் அமர்ந்தாள்.

அரைமணி நேரத்தில் போதகர் அறையில் கடிதத்தை எழுதினேன். வெளிமாநிலத்துக்குப் படிக்கப் போன ஓர் இளைஞனுக்கு முன்பு கொடுத்த ஆங்கிலக் கடிதத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு, இந்தக் கமிட்டியினர் மனம் மாறுமுன் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் எழுதியது. நானும் போதகரும் கையொப்பமிட்டோம். அவள் நின்றபடியே ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். மூன்றாம் வரியில் விரல் சற்று நின்றது, பிறகு நகர்ந்தது.

"எல்லாம் சரியா?" என்றேன்.

"செரிதான் மாமா" என்றாள். கடிதத்தை உறையில் இட்டுக்கொண்டு போனாள்.

படிப்பு நின்றுவிடவில்லை என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். இரண்டாமாண்டை முடித்தாள். இப்போது வளைகுடாவில் ஒரு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் ஒப்பந்தக்காரர் வீட்டுக்கும் போய் இரண்டுமுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் முறை சாப்பிட்டு வருகிறாள். நல்ல பண்பான பெண்ணாகிவிட்டாள் என்கிறார்கள். சாறுடைய வளர்ப்பு என்றும் சொல்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, கோப்பில் வைக்கக் கடிதத்தின் நகலை எடுத்தபோதுதான் மூன்றாம் வரியைக் கண்டேன். மாதிரியில் இருந்ததை அப்படியே எடுத்தெழுதி, அந்த ஒரு வரியில் அவளை ஆணாக எழுதியிருந்தேன். என் கையொப்பத்துடன். உடனே அவளுக்குத் தொலைபேசியில் பேசினேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"மக்கா, கடிதத்துல ஒரு பிழை உண்டு. மூணாவது வரி."

"ஆமா மாமா. கண்டேன்."

"கண்டியா? பின்ன ஏன் சொல்லல்ல?"

"சாரமில்ல மாமா. அதெல்லாம் ஆரு பாக்கப் போறா."

அவளுக்கு விமானம் புதன்கிழமை. இடையில் முழுதாக இரண்டு நாள் இருந்தது. திருத்திய கடிதத்தோடு நானே அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம், நடக்கும் தூரம்தான். சாரமில்லை, பரவாயில்லை என்று அவளே சொல்லிவிட்டாளே என்று இருந்துவிட்டேன்.